தடைக்காலம் முடிந்த வாரத்தில் ஒரு மின்னதிர்ச்சி: கடலூர் ஐஸ் பிளாண்ட் நிகழ்வு ஆய்வு

இடமும் பின்னணியும்

கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் பிளாண்டில் 2022 ஜூன் மூன்றாம் வாரம் நடந்த விபத்து இது. சம்பந்தப்பட்டவர்களையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டும் விவரங்கள் இதில் இல்லை. விபத்துக்குப் பிறகு மின் அமைப்பைச் சோதிக்கவும் சரிசெய்யவும் என்னை அழைத்தார்கள். அந்த வகையில் நேரில் பார்த்ததும் அங்கிருந்தவர்களிடம் கேட்டு உறுதிசெய்ததும் மட்டும் இங்கே பதிவாகிறது.

பிளாண்ட் பழையது. அம்மோனியா கம்ப்ரசர் இரண்டு, உப்புநீர்த் தொட்டி ஒன்று, அதில் வரிசையாக இறங்கும் ஐஸ் கேன்கள், கேன்களைத் தூக்க மேலே ஓடும் ஹாய்ஸ்ட். வெளி வராந்தாவில் ஐஸ் பார்களை உடைத்துப் பெட்டியில் கொட்டும் கிரஷர். மொத்தச் சுமை 112 கிலோவாட்டுக்குள் இருந்ததால் தாழ்வழுத்த இணைப்புதான். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. உயரழுத்த இணைப்பு உள்ள ஆலைகளுக்கு மின் ஆய்வுத் துறையின் பார்வை வந்துகொண்டே இருக்கும். இந்த அளவு இடங்களில் பொறுப்பு முழுக்க முதலாளி தலையிலும், அவர் நம்பும் எலக்ட்ரீஷியன் தலையிலும் விழுந்துவிடுகிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது வராந்தாக் கூரை போய், ஒயரிங் பெரும்பகுதி நாசமாகியிருந்தது. படகுகள் காத்திருந்ததால் அவசரமாகத் திரும்பப் போட்ட ஒயரிங்தான் 2022 வரை ஓடியது. கிரஷருக்கு நான்கு கோர் கேபிள் கிடைக்காமல் மூன்று கோர் கேபிளைப் போட்டு, எர்த்துக்குத் தனியாக ஒரு 8 நம்பர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை இழுத்திருந்தார்கள். தற்காலிகம் என்றுதான் போட்டதாம்.

தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் ஃபைபர் படகுகளுக்குக் கொஞ்சம் ஐஸ் போகும். மற்றபடி பிளாண்ட் தூங்கும். ஒரு கம்ப்ரசரும் கிரஷரும் இரண்டு மாதம் தொடாமலே கிடக்கும். உப்புக்காற்றில் நின்றுபோன மோட்டார் ஈரத்தை உறிஞ்சும் என்பது கடலோரத்தில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். பெயிண்ட் அடிப்பது, பழுது பார்ப்பது எல்லாம் இந்த இடைவெளியில்தான். அந்த வருடமும் கிரஷருக்குப் பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

விபத்து

தடை விலகி ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. விடியற்காலை, வராந்தாவுக்கு வெளியே வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கிரஷரில் ஐஸ் பாரைத் தள்ளிக்கொண்டிருந்த தொழிலாளியின் வலது முன்கை ஹாப்பரின் (ஐஸைப் போடும் வாயின்) விளிம்பில் பட்டது. பின்னால் தூக்கி எறியப்பட்டு, இரும்புச் சரிவுப் பலகையில் விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்தது. ரப்பர் பூட் போட்டிருந்தார். ஒரு பூட்டில் குதிகால் பக்கம் கிழிசல், உள்ளே தண்ணீர். கை விளிம்பைப் பிடித்திருந்தால் விட்டிருக்க முடியாது. பின்பக்கமாகப் பட்டதால் தசை சுருங்கி உதறிக்கொண்டது. அவர் பிழைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கிரஷர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாப் பட்டன் கிரஷரின் உடம்பிலேயே பொருத்தப்பட்ட ஸ்டார்டரில் இருந்தது. அதை நிறுத்த அதே இரும்பைத்தான் தொட வேண்டும். உடன் வேலை செய்தவர் ஒருவர் கையை நீட்டியிருக்கிறார். ஃபோர்மேன் கத்தித் தடுத்துவிட்டு போர்டுக்கு ஓடினார். போர்டில் ஸ்விட்சுகளுக்குப் பெயர் எழுதப்படவில்லை. ஒன்றைத் தட்டினார், தண்ணீர் பம்ப் நின்றது. இன்னொன்றைத் தட்டினார், விளக்கு அணைந்தது. கடைசியில் மெயினையே இறக்கிவிட்டார்.

அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லண்ணே, கைதான் வலிக்குது" என்று சொல்லியிருக்கிறார். ஃபோர்மேன் அதைக் கேட்டுக்கொண்டு விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் ஒன்று. மின்னதிர்ச்சி இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். வெளிப் பார்வைக்கு ஆள் நன்றாக இருப்பார். அங்கே ஈ.சி.ஜி. எடுத்து, ஓர் இரவு கண்காணிப்பில் வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அன்று மாலை பார்த்தவை

நான் போனபோது கிரஷர் மட்டும் நிறுத்தப்பட்டிருந்தது. மற்ற எல்லாம் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தன. முதலில் கிரஷரின் ஃபீடரை (அதற்கு மின்சாரம் போகும் லைனை) இறக்கி, ஃப்யூஸ்களைப் பிடுங்கி, என் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன். மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரிலும் மீட்டரிலும் பார்த்த பிறகுதான் மூடியைத் திறந்தோம்.

மோட்டாரின் டெர்மினல் பாக்ஸில் கேபிள் நுழையும் துளையில், கேபிளை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் கிளாண்ட் இல்லை. அந்த இடத்தில் பழைய லுங்கித் துணியைத் திணித்திருந்தார்கள். துணியைப் பிழிந்தால் உப்புத் தண்ணீர் சொட்டியது. உள்ளே மூன்று டெர்மினல்களைச் சுற்றியும் வெள்ளையாக உப்புப் படிவு. மூன்று பேஸ்களில் ஒன்றான ஆர் பேஸ் டெர்மினலிலிருந்து பெட்டியின் சுவர் வரை கறுத்த தடம். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) ஆர் பேஸுக்கும் பாடிக்கும் (மோட்டாரின் இரும்பு உடம்புக்கும்) இடையே முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. இருக்க வேண்டியது குறைந்தபட்சம் 1 மெகா ஓம். தடைக்காலம் முடிந்து கிரஷரை முதன்முதலாக ஓட்டும் முன் மெக்கர் வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். பிளாண்டில் மெக்கரே இல்லை.

இன்சுலேஷன் போனால் பாடியில் மின்சாரம் வரும். அது எர்த் வழியாக ஓடி ஃப்யூஸை எரிக்க வேண்டும். ஏன் எரியவில்லை? எர்த் கம்பியைப் பார்த்தோம். கிரஷர் காலில் போல்ட் இருந்தது, கம்பியும் அதில் மாட்டியிருந்தது. லக்கை (கம்பி முனையில் உள்ள உலோக வளையத்தை) கழற்றியதும் அதன் அடியில் புதுப் பச்சைப் பெயிண்ட் முழுதாக, கீறல்கூட இல்லாமல் இருந்தது. பெயிண்டர் கம்பியை அவிழ்த்து, அடித்து முடித்து, காய்ந்த பிறகு திரும்ப மாட்டியிருக்கிறார். அவர் வேலையை அவர் சுத்தமாகத்தான் செய்திருக்கிறார். இரும்பும் லக்கும் ஒன்றையொன்று தொட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பெயிண்டைச் சுரண்டி மறுபடி மாட்டினாலும் வேலைக்கு ஆகியிருக்காது. அதே கம்பி சுவர் ஓரமாகத் தரையைத் தொடும் இடத்தில், சதா உப்புநீர் தேங்கும் அந்த நாலு விரல் அளவில், துருப்பிடித்துத் தூளாகியிருந்தது. காலால் லேசாகத் தட்டியதும் இரண்டாகப் போனது.

415 வோல்ட் மோட்டார் எதுவானாலும் அதன் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஒன்று, அந்த ஒன்றும் இரு முனையிலும் இல்லை.

ஆர்.சி.சி.பி.யை யார் மௌனமாக்கியது

வராந்தா போர்டில் 63 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தது; அந்த அளவு மின்சாரம் கசிந்தாலே தானாக விழுந்து லைனை நிறுத்தும் கருவி அது. நல்ல கம்பெனியுடையது, லீவர் மேலே. டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். 'டக்' என்று விழுந்தது. ஆனால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. கீழே போக வேண்டிய ஒயர்கள் எல்லாவற்றையும் எடுத்து மேல் டெர்மினலிலேயே சேர்த்து முறுக்கியிருந்தார்கள். ஆர்.சி.சி.பி.க்கு மின்சாரம் வந்தது. அதைக் கடந்து எதுவும் போகவில்லை. வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும், ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கும்கூட, பாதுகாப்பு இருப்பதாகவே தோன்றும்.

எலக்ட்ரீஷியனிடம் தனியாகப் பேசினேன். மறைக்கவில்லை. "தடை முடிஞ்சு ஓட்டுன மொத நாளே விழுந்துகிட்டே இருந்துச்சு சார். படகு போவணும், வண்டி நிக்குதுன்னு மேனேஜர் திட்டுறாரு. சும்மா சும்மா விழுதுன்னு நேரா குடுத்துட்டேன்." அவரிடம் இருந்தது மின்கம்பியாள் உதவியாளர் தகுதிச் சான்று மட்டும். மின்கம்பியாள் சான்று உள்ளவரோ, மேற்பார்வையாளர் சான்று உள்ளவரோ அந்த வேலையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

அது சும்மா விழவில்லை. கிரஷரின் இரும்புக் கால்கள் நின்ற ஈரத்தரை வழியாகக் கசிந்த மின்னோட்டத்தைப் பார்த்துத்தான் விழுந்தது. எர்த் கம்பி அறுந்துபோன இடத்தில், பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே கருவியாக அது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. மனித உடம்பில் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டி நீடித்தால் உயிருக்கு ஆபத்து. நனைந்த தோலுக்கு ஏறத்தாழ 1,000 ஓம் என்று கணக்கிட்டால் 230 வோல்ட்டில் ஓடக்கூடியது 230 மில்லி ஆம்பியர். கிழிந்த பூட்டும் ஈரத்தரையும் சேர்ந்து கொடுத்த தடைதான் அன்று அந்த எண்ணைக் கீழே இழுத்திருக்க வேண்டும்.

அந்த எலக்ட்ரீஷியனை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று முதலாளி கோபத்தில் நின்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பைபாஸ் செய்தது அவர் கைதான். ஆனால் விழுந்த ஆர்.சி.சி.பி.யைப் பார்த்து "ஏன் விழுது, தேடு" என்று சொல்ல அந்தக் காலையில் யாரும் இல்லை. "ஏத்திவிடு" என்று சொல்லத்தான் ஆள் இருந்தது.

ரெஜிஸ்டரில் 1.8 ஓம்

எர்த் சோதனை ரெஜிஸ்டரைக் கேட்டேன். ஒழுங்காக இருந்தது. வருடா வருடம் ஒரு லைசென்ஸ் கான்ட்ராக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்: 1.8 ஓம், 1.9 ஓம், 1.8 ஓம். உட்கார்ந்த இடத்தில் எழுதியதோ என்று முதலில் சந்தேகம் வந்தது. நானே எர்த் டெஸ்டரை வைத்துக் கம்பிகளை நட்டு அளந்தேன். 1.8 ஓம்தான். ரெஜிஸ்டரில் இருந்தது உண்மை.

கடலூர் துறைமுகப் பக்கம் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில், உப்பாக இருக்கிறது. அந்த மண்ணில் எர்த் பிட் (எர்த் மண்ணோடு சேரும் குழி) நல்ல ரீடிங், அதாவது குறைந்த ஓம், காட்டுவது பெரிய சாதனை இல்லை. அதே உப்பு, பிட்டிலிருந்து மெஷின் வரை வரும் இரும்புப் பட்டையைத் தின்றுகொண்டிருக்கும். சோதனை எல்லாம் பிட்டில் நடக்கிறது, அறுந்தது வழியில். பிட்டைப் பத்து முறை அளந்தாலும் கிரஷரின் கால் அதோடு சேர்ந்திருக்கிறதா என்பது தெரியாது. அதற்கு எர்த் இணைப்புகள் எல்லாம் சேரும் பஸ்பாரிலிருந்து ஒவ்வொரு மெஷின் பாடிக்கும் கான்டினியூட்டி (வழி அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்க்க வேண்டும். அந்தப் பத்தி ரெஜிஸ்டரிலேயே இல்லை.

அன்று இரவே நீள ஒயர் போட்டு எல்லா மெஷினையும் பார்த்தோம். இதற்கு 200 மில்லி ஆம்பியர் செலுத்தும் கான்டினியூட்டி டெஸ்டர்தான் சரி. சாதாரண மல்ட்டிமீட்டரின் நூலளவு மின்னோட்டத்துக்குத் துருப்பிடித்து ஒற்றை இழையாய் நிற்கும் பட்டைகூட 'நல்லது' என்று பதில் சொல்லிவிடும். கம்ப்ரசர்கள் இரண்டும் 0.3 ஓம்முக்குள் வந்தன. தண்ணீர் பம்ப் பாதி மோசம். கிரஷரின் எர்த் வழி முழுதாக அறுந்திருந்தது. ஹாய்ஸ்ட்டுக்கு எர்த்தே ஓடும் தண்டவாளத்தின் சக்கரம் வழியாகத்தான். அந்தத் தண்டவாளம் முழுக்கக் கிரீஸ்.

முதலாளி நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "பிட் 1.8 ஓம் இருக்குல்ல, கம்ப்ரசருக்கு அது போதாதா?" தாளில் போட்டுக் காட்டினேன். நம் எர்த்தும் மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த்தும் மண் வழியாக மட்டுமே சந்திக்கின்றன என்று வையுங்கள். இங்கே 1.8 ஓம், அங்கே 1 ஓம். கம்ப்ரசர் பாடியில் ஒரு பேஸ் உட்கார்ந்தால் ஓடுவது 230-ஐ 2.8-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 82 ஆம்பியர். கம்ப்ரசர் ஃபீடரில் இருப்பது 160 ஆம்பியர் ஃப்யூஸ். அது எரியவே எரியாது. அது எரியாமல் நிற்கும் வரை கம்ப்ரசர் பாடியில் சுமார் 148 வோல்ட் நிற்கும். சோதனைத் தாளில் அத்தனையும் பாஸ். அதன் பிறகு எர்த் லீக்கேஜ் ரிலேவுக்கு (எர்த்துக்குக் கசியும் மின்னோட்டத்தைக் கண்டு ஃபீடரை நிறுத்தும் கருவிக்கு) எவ்வளவு ஆகும் என்றுதான் அவர் கேட்டார்.

எதை நிறுத்துவது, எதை ஓடவிடுவது

முழு பிளாண்டையும் நிறுத்துங்கள் என்று சொல்வது எனக்கு எளிது. ஆனால் தொட்டியில் பாதி உறைந்த கேன்கள். கம்ப்ரசர் நின்றால் உப்புநீர் சூடேறி அவ்வளவும் வீண். அப்படி நிறுத்தச் சொன்னால் நான் வாசலைத் தாண்டியதும் திரும்ப ஓட்டியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அளந்ததை வைத்து முடிவெடுத்தோம்.

கம்ப்ரசர், தொட்டியின் கலக்கி மோட்டார்கள் ஓடலாம். அவற்றின் மெக்கர் மதிப்பு நன்றாக இருந்தது, பாடிகள் பஸ்பாரோடு சேர்ந்திருந்தன, தொழிலாளர்கள் அவற்றை அடிக்கடி தொடுவதும் இல்லை. கிரஷர் நிற்க வேண்டும். ஐஸை பாராகவே விற்பது, உடைப்பது துறைமுகத்தில் வாங்குபவர் பொறுப்பு என்று முதலாளி ஏற்பாடு செய்துகொண்டார். சில நாள் வருமானம் குறைந்தது.

தகராறு வந்தது ஹாய்ஸ்ட்டில். கேனைத் தூக்காமல் ஐஸே வெளியே வராது. அதன் தொங்கும் பட்டன் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: பிளாஸ்டிக் மூடி உடைந்து, கறுப்பு டேப் சுற்றி, டேப்பும் நனைந்து ஊறிப்போயிருந்தது. உள்ளே கட்டுப்பாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். இதை ஈரக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நாள் முழுக்க நிற்கிறார். கிரஷரை விட இதுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. "இது வரைக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார் மேனேஜர். நான் அந்தப் பெட்டியை அவர் கையில் கொடுத்து ஒரு பட்டனை அழுத்தச் சொன்னேன். வாங்கவில்லை.

இரவு கேன் தூக்குவது இல்லை என்று முடிவானது. மறுநாள் காலை கடை திறந்ததும் புதுப் பட்டன் பெட்டி வாங்கி, ஹாய்ஸ்ட்டுக்கென்று தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்து, ஹாய்ஸ்ட் பாடியிலிருந்து நெகிழ் கேபிளின் நான்காவது கோர் வழியாக எர்த் கொடுத்து, அதன் பிறகே ஓட்டினார்கள். கட்டுப்பாட்டை 24 வோல்ட்டுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் பின்னால் வந்தது.

தகவல் கொடுப்பது

ஆள் பிழைத்துவிட்டாரே, சமாதானமாகப் போய்விடலாமே என்ற பேச்சு எழுந்தது. எல்லா இடத்திலும் எழும். 2003 மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு உயிரிழப்பை மட்டும் சொல்லவில்லை. மனிதருக்கோ விலங்குக்கோ காயம் ஏற்பட்டாலும், உயிரிழப்பு நேர்ந்திருக்கக்கூடும் என்ற நிலை இருந்தாலும் தகவல் தர வேண்டும். 2005-இல் வந்த விபத்து அறிவிப்பு விதிகளின்படி இதற்கான படிவம் 48 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குப் போக வேண்டும். அடிபட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத நிலையில் இருந்ததால், தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆம் பிரிவுப்படி தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் அறிவிப்பு தேவைப்பட்டது.

முதலாளி தயங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அடிபட்டவர் மேஸ்திரி மூலம் வந்த கூலியாள், ஈ.எஸ்.ஐ.யில் பதியப்படவில்லை. விஷயம் வெளியே போனால் அதுவும் வெளியே வரும். மறைத்துவிட்டுப் பிறகு அகப்பட்டால் இரண்டும் சேர்ந்து வரும் என்று அவருடைய கணக்கரே சொன்னது அவரை அசைத்தது. மறுநாள் படிவங்கள் போயின. மேஸ்திரியின் ஆட்கள் அனைவரையும் பதிய அன்றே விண்ணப்பித்தார்கள். சிகிச்சைச் செலவையும், ஆள் திரும்ப வரும் வரை கூலியையும் முதலாளி ஏற்றுக்கொண்டார்.

விபத்து நடந்த பிறகு பொருட்களை மாற்றிவிடாமல் வைத்திருந்தது உதவியது. லுங்கித் துணி, பெயிண்ட் படிந்த போல்ட், அறுந்த கம்பி, பைபாஸ் செய்த ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் படம் எடுத்து, அப்படியே கிரஷரோடு கட்டி ஓரமாக வைத்திருந்தோம். ஆய்வுக்கு வந்த அதிகாரி அவற்றைத்தான் முதலில் கேட்டார். அவர் எழுதிக் கொடுத்த குறைகளில் பெரும்பாலானவை எங்கள் பட்டியலில் ஏற்கெனவே இருந்தவை. நாங்கள் கவனிக்காத ஒன்றையும் சுட்டினார்: மின்னதிர்ச்சிக்கான முதலுதவி அட்டை போர்டு அறையில் இருந்தது, தமிழில்தான், ஆனால் அதன் மேல் ஒரு காலண்டர் தொங்கியது.

செய்த வேலைகள்

கிரஷர் மோட்டாரைப் பெட்டியோடு கழற்றிக் கழுவி, சூடேற்றிக் காயவைத்து, வார்னிஷ் போட்டு வாங்கியதும் மெக்கர் 50 மெகா ஓம் தாண்டியது. புது டெர்மினல் பாக்ஸ், சரியான அளவு கிளாண்ட், நான்கு கோர் ரப்பர் கேபிள். ஸ்டார்டரைக் கிரஷரிலிருந்து எடுத்துச் சுவரில், கை எட்டும் தூரத்தில், காளான் வடிவ அவசர நிறுத்தப் பட்டனோடு வைத்தோம்.

எர்த் பட்டையில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கான்ட்ராக்டர்கள் இருவர் தாமிரம் போடச் சொன்னார்கள், துருப்பிடிக்காது என்று. அம்மோனியா உள்ள இடத்தில் வெறும் தாமிரமும் பித்தளையும் ஆகாது, அரித்துவிடும். கம்ப்ரசர் அறையில் வால்வுகள்கூட எஃகாக இருப்பது அதனால்தான். எனவே உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜி.ஐ. பட்டையையே எடுத்தோம், ஆனால் தரையில் புதைக்காமல், சுவரில் முழங்கால் உயரத்துக்கு மேல், கண்ணில் படும்படி ஓட்டினோம். தரையைக் கடக்கும் இடங்களில் மட்டும் தார் பூசி குழாய்க்குள். அழகாக இல்லைதான். அறுந்தால் கூட்டுகிறவருக்கும் தெரியும். ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு இணைப்பு, இரண்டும் இரு திசையிலிருந்து.

பழைய ஒற்றை ஆர்.சி.சி.பி. வராந்தா முழுவதையும் தாங்கியது. ஒன்று கசிந்தால் எல்லாம் அணையும்; அதனாலேயே பைபாஸ் செய்யத் தோன்றும். கிரஷர், ஹாய்ஸ்ட், தண்ணீர் பம்ப், விளக்கு என்று நான்காகப் பிரித்தோம். கம்ப்ரசர் ஃபீடர்களுக்கு எர்த் லீக்கேஜ் ரிலே. போர்டில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தமிழில் பெயர், பெரிய எழுத்தில். முன்னால் ரப்பர் பாய்.

மின்கம்பியாள் சான்று உள்ள ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள். பழைய எலக்ட்ரீஷியன் அவருக்குக் கீழே தொடர்ந்தார், தேர்வுக்கும் விண்ணப்பித்தார்.

பின்னர் நடந்தது

எல்லாம் முடிந்து ஓட்டிய முதல் வாரமே விளக்கு ஆர்.சி.சி.பி. விழ ஆரம்பித்தது. பழைய பாட்டு திரும்பும் என்று மேனேஜர் முகம் சுருங்கியது. இந்த முறை தேடினார்கள். தொட்டிக்கு மேலே ஒரு ட்யூப் லைட் ஃபிட்டிங்கில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கியிருந்தது, தானே புயல் காலத்து அவசரத்தின் மிச்சம். பிரித்ததும் நின்றது. அன்று முதல் போர்டு அருகே ஒரு நோட்டு தொங்குகிறது: எது விழுந்தது, எந்த நேரம், என்ன காரணம், யார் ஏற்றினார். காரணக் கட்டம் காலியாக இருந்தால் ஏற்றக் கூடாது.

வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் இறைக்கும் சப்மெர்சிபிள் பம்ப் ஒரு முறை விழவைத்தது; கேபிளில் எலி கடித்த இடம். நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

அடிபட்டவர் கட்டுப் பிரித்துச் சில மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். கிரஷர் பக்கம் போக மறுத்தார். தண்ணீர் நிரப்பும் இடத்தில் இருக்கிறார். கட்டாயப்படுத்தவில்லை.

எல்லாமே சரியாகிவிடவில்லை. பூட் வாங்கிக் கொடுத்தும் கோடையில் பாதிப் பேர் வெறுங்காலில்தான் நிற்கிறார்கள். மேனேஜர் மாறினார், புதியவருக்கு இந்தக் கதை தெரியாது. 2023 தடைக்காலத்தில் மீண்டும் பெயிண்ட் அடித்தார்கள். மீண்டும் ஒரு லக் பெயிண்டுக்கு மேலே உட்கார்ந்தது. ஓட்டும் முன் கான்டினியூட்டி பார்த்தபோது அகப்பட்டது.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் இன்னோர் ஐஸ் பிளாண்டோ மீன் பதப்படுத்தும் கூடமோ இருந்தால், வேலையின் வரிசையை மாற்றச் சொல்வேன். இங்கே விபத்துக்குப் பிறகு செய்த மெக்கர், கான்டினியூட்டி சோதனைகள் ஜூன் 14-க்கு முந்தைய வாரமே நடந்திருக்க வேண்டும், தடைக்கால வேலைகளில் கடைசியாக, பெயிண்டர் போன பிறகு. பெயிண்டருக்கும் வெல்டருக்கும் வேலை கொடுக்கும் தாளிலேயே எந்த போல்ட்டைத் தொடக் கூடாது என்று எழுத வேண்டும். அந்த போல்ட்டுகளைச் சுற்றி இப்போது இந்த பிளாண்டில் சிவப்பு வளையம் வரைந்திருக்கிறார்கள்.

எர்த் ரெஜிஸ்டரில் பிட் ஓம் மட்டும் எழுதுவதை நிறுத்தி, மெஷின் வாரியாக ஒரு பத்தி சேர்க்க வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு டெஸ்டரும் ஒரு காலைப் பொழுதும். தாழ்வழுத்த இணைப்புகளுக்கும் ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் சோதனை தேவை என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகள் சொல்லியிருந்தன. அவற்றின் இடத்தில் 2023-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. உப்புக்காற்றடிக்கும் இடத்துக்கு ஐந்தாண்டு என்பது என் கணக்கில் மிக நீளம், ஒரு ஜி.ஐ. கம்பி அதற்குள் இரண்டு முறை அறுந்துபோகும்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் எலக்ட்ரீஷியனுக்கு எழுத்தில் இருக்க வேண்டும். நோட்டில் முதலாளி கையெழுத்தோடு இப்போது அது இருக்கிறது. விபத்து நடந்த காலையில் இருந்திருந்தால் மேனேஜரின் திட்டுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு தாளாவது இருந்திருக்கும். மேஸ்திரி ஆட்களுக்கு முதல் நாளே, எந்த ஸ்விட்ச் எதை நிறுத்தும் என்று போர்டுக்கு முன் நிறுத்திக் காட்ட வேண்டும். இந்த பிளாண்டில் ஹாய்ஸ்ட் தண்டவாளத்துக்கான இரண்டாவது எர்த் மட்டும் இன்னும் பாக்கி. கூரையைப் பிரிக்காமல் அதைச் செய்ய முடியாது என்பதால் அடுத்த தடைக்காலத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.